எழும்பூரும் கதீட்ரல் சாலையும் வடசென்னைக்கு எட்டாத இடங்களா?

வாசகர் கேள்வி, 4 மே 2025

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கதீட்ரல் சாலைப் பூங்காக்களுக்கும் கூட்டிப் போகச் சொல்லி எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பக்கமெல்லாம் வசதியானவர்கள் குடியிருக்கிற, வசதியானவர்களுக்காகவே ஏற்பட்ட இடம். நம்மைப் போன்றவர்கள் வெயிலில் அலைந்து, காசைக் கரைத்து, யாரோ வீட்டு வாசலில் நிற்பவர்களைப் போல ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவதில் என்ன பயன்? மெரினாவுக்குப் போனால் காசில்லாமல் காற்றாவது கிடைக்கும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 மே 2025, இரவு

நான் காசிமேட்டுக்காரன். துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதுவது என் தொழில். உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், ஏனெனில் இதே பேச்சை என் வீட்டிலும் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். எழும்பூரை அறியாத தாய் வடசென்னையில் உண்டா? பிரசவத்துக்கு நம் பெண்கள் நம்பிப் போகிற அரசு மகப்பேறு மருத்துவமனை பாந்தியன் சாலையில் இருக்கிறது; அருங்காட்சியகமும் அதே சாலையில்தான் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடுகிறோமே, அந்தக் குழந்தைகள் மருத்துவமனையும் அதே எழும்பூர்தான். என் தங்கையின் மகன் அந்த மகப்பேறு மருத்துவமனையில்தான் பிறந்தான். அவனைக் கையில் வாங்குவதற்காக விடிய விடியக் காத்திருந்த நாங்கள் தேநீருக்காக அந்தச் சாலையில் நடந்தோம். செங்கல் நிறக் கட்டடங்களைப் பார்த்தோம். உள்ளே போகவேண்டும் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் எழவில்லை. நோய்க்காகப் போகும்போது நம் ஊராக இருக்கிற எழும்பூர், பார்ப்பதற்காகப் போகும்போது மட்டும் அடுத்தவர் ஊராகிவிடுவது ஏன் என்ற கேள்வியை அன்றிலிருந்து நான் விடவில்லை.

வழியும் கடினமில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி மாறி, அடுத்த நிலையமே எழும்பூர். அங்கிருந்து அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான். வெயில் கடுமையாக இருந்தால் ஆட்டோ பிடியுங்கள். கதீட்ரல் சாலைக்குப் போவதாக இருந்தால் மாறவே வேண்டாம்: அதே வண்டியில் உட்கார்ந்து ஆயிரம் விளக்கிலோ தேனாம்பேட்டைக்கு முந்திய ஏ.ஜி. – டி.எம்.எஸ். நிலையத்திலோ இறங்கலாம். மெட்ரோ கட்டணம் ஒரு குடும்பத்துக்குக் கனமாகத் தோன்றினால், சாதாரணக் கட்டணப் பேருந்தில் வீட்டுப் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் வந்து மாறினால் கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று மூன்றாவது நிறுத்தம்.

வசதியானவர்களுக்காக ஏற்பட்ட இடம் என்கிறீர்களே, அதற்கு நாளை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன். அது நீண்ட விஷயம்.

5 மே 2025

அவசரத்துக்கு ஒரு வரி. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்கமாட்டார்கள். காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், மாலை ஐந்துக்கு மூடுகிறார்கள். கதவு திறக்கும்போதே உள்ளே இருப்பதுபோல் கிளம்புங்கள்.

7 மே 2025

என் பாட்டி கடைசி வரை அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர்க் காலேஜ் என்றும்தான் சொல்வார். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள், எங்கள் சித்தப்பா உட்பட, செத்ததைப் பார்க்க எதற்குப் போகவேண்டும் என்று விட்டுவிட்டார்கள். சித்தப்பா விசைப்படகில் போகிறவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. சென்ற ஆண்டு தடைக்காலத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவரை வற்புறுத்தி, தங்கை மகனோடு சேர்த்துக் கூட்டிப் போனேன்.

மற்ற கூடங்களை அவர் வேகமாகக் கடந்துவிட்டார். விலங்கியல் பிரிவில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் முன் வந்ததும் கால்கள் நின்றுவிட்டன. தலை எலும்பிலிருந்து வால் நுனி வரை மெல்ல நடந்து போனார். திரும்பி வந்து துடுப்பு இருந்த இடத்தின் அருகே குனிந்தார். நாம் துடுப்பு என்று சொல்கிற அந்த உறுப்புக்குள்ளே தோளிலிருந்து இறங்குகிற ஒரு குட்டையான தடித்த எலும்பும், அதன்கீழ் முன்கையைப் போல இரண்டு எலும்புகளும், அவற்றின் முனையில் கணுக் கணுவாக விரல்களும் இருக்கின்றன. சித்தப்பா தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்த எலும்புகளுக்கு நேராகத் தன் கையை நீட்டிப் பையனிடம் சொன்னார்: "இது மீனு இல்லடா. இதுக்குக் கை இருக்குது பாரு, வெரலு இருக்குது பாரு." பாடப் புத்தகத்தில் பாலூட்டி என்று படித்து மதிப்பெண் வாங்கியிருந்த பையன், அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தான். பிறகு சித்தப்பா ஓங்கில் (டால்பின்) வலையில் மாட்டினால் அது மூச்சு வாங்க மேலே வரமுடியாமல் தவிக்கும் விதத்தைச் சொல்லத் தொடங்கினார். சுற்றி நின்ற வேறு குடும்பத்துப் பிள்ளைகளும் நகராமல் கேட்டன. அந்த அறையில் அந்த நேரத்தில் கடலைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இருந்திருக்கமாட்டார்.

யாருக்காக ஏற்பட்ட இடம் என்று கேட்டீர்களே, அதற்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி இதுதான். நாம் வெறுங்கையோடு அங்கே போவதில்லை. கடலையும் இரும்பையும் ரயிலையும் தோணியையும் கையாண்ட மக்கள் நாம். அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கிற பாதிப் பொருட்களுக்கு விளக்கம் சொல்லக்கூடியவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள்.

10 மே 2025

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: சாமி சிலைகளைப் பார்க்கக் கோயில் இருக்கிறது, திருவொற்றியூர் பக்கத்திலேயே இருக்கிறது, அதை விட்டுக் கண்ணாடிக்குள் இருக்கும் சிலைகளைப் பார்க்க எழும்பூர் போகவேண்டுமா?

அம்மா, கோயிலுக்கு மாற்றாக நான் அதைச் சொல்லவில்லை. கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் மாலையும் நகையும் சார்த்திய கோலத்தில் தரிசிக்கிறோம். முகமும் கையும் பாதமும் தெரிந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. அங்கே நாம் வழிபட வந்தவர்கள், அது போதும். அதே மூர்த்தியை வார்த்த ஸ்தபதி முதுகுத்தண்டை எப்படி வளைத்தார், இடுப்பில் மடிப்பு எங்கே விழுகிறது, தூக்கிய காலின் எடையை ஊன்றிய கால் எப்படித் தாங்குகிறது என்பதைப் பார்க்கவேண்டுமானால் அலங்காரம் இல்லாமல், நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல் பார்க்கவேண்டும். அந்த வாய்ப்பு நமக்குச் செப்புத் திருமேனிக் கூடத்தில்தான் கிடைக்கிறது.

திருவாலங்காட்டு நடராசரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காடு நமக்கு வெகு தூரமில்லை. அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் அந்தப் பெயரில் நிலையமே இருக்கிறது. அந்தத் திருமேனியில் திருவாசி என்கிற தீ வளையம் இல்லை, விரிந்து பறக்கும் சடையும் இல்லை. மற்ற நடராசர்களில் நம் பார்வை முதலில் தீ வளையத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். இங்கே அது இல்லாததால் உடலின் அசைவு ஒன்றே மிஞ்சி நிற்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த அருங்காட்சியகத்து நடராசர்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு, வியந்து பக்கம் பக்கமாக எழுதினார். படத்தைப் பார்த்த ஒருவரை அப்படி எழுதவைத்த திருமேனி, நமக்கு ஒரு வண்டி மாறினால் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

அடுத்தது திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை என்பது எல்லோருக்கும் தெரியும். வலப்புறம் இரண்டு கைகள், இடப்புறம் ஒரே ஒரு கை. மூன்று கை கொண்ட உருவம் கோணலாகத் தெரியவேண்டும் அல்லவா? தெரிவதில்லை. இடப்புறத்து இடுப்பின் வளைவும் மார்பின் கனமும் அந்த ஒற்றைக் கையின் நெகிழ்வும் சேர்ந்து, வலப்புறத்து இரண்டு கைகளுக்கு ஈடு கொடுத்துவிடுகின்றன. நேரே நின்று பாருங்கள். பிறகு ஒரு பக்கத்திலிருந்து பாருங்கள், பிறகு மறுபக்கம். பிள்ளைகளை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள், வாக்குவாதமே நடக்கும்.

நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தத் திருமேனிகளும் அங்கே உள்ளன. தமிழ்நாட்டில் சோழர் காலத்திலும் புத்தருக்குச் செம்பில் வடிவம் வார்த்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் புத்தர் படம் மாட்டிய வீடுகள் எத்தனை இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அலமாரியின் முன் நிற்க முழு உரிமை உண்டு.

11 மே 2025

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ கட்டிக்கொண்டு போங்கள், காட்சிக்கூடங்களுக்குள் எடுத்துச் செல்லாமல் வெளியே மர நிழலில் சாப்பிடுங்கள். குடிநீர் கண்டிப்பாக வேண்டும்.

இன்னொன்று. ஒரே நாளில் எல்லாக் கூடத்தையும் சுற்றிவிட நினைக்காதீர்கள். கால் வலியும் பிள்ளைகளின் அழுகையும்தான் மிஞ்சும். இரண்டு கூடம் போதும். மீதியை இன்னொரு முறை பார்க்கலாம். அது எங்கேயும் போய்விடாது.

18 மே 2025

இப்போது பூங்காக்கள். இங்கே கேள்வி கேட்ட நண்பரின் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

செம்மொழிப் பூங்கா 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் அங்கே காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிற டிரைவ்-இன் உணவகம் இருந்தது. கார் உள்ளவர்கள் வந்து போன அதே இடத்தில் இன்று சீட்டு வாங்குகிற யாரும் நடக்கலாம் என்பது எனக்கு முக்கியமான மாற்றமாகப் படுகிறது. சீட்டு விலை ஒரு குடும்பம் தாங்கக்கூடியதுதான். எதிர்ப்புறத்தில் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் நெடுங்காலம் இருந்த நிலத்தை அரசு மீட்டு, அதில் 6.09 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவை 2024 அக்டோபரில் திறந்தார்கள். கம்பியில் தொங்கியபடி ஏறத்தாழ 500 மீட்டர் பறந்து போகும் ஜிப்லைன், பறவையகம், கண்ணாடி மாளிகை எல்லாம் அங்கே உண்டு. திறந்தபோது வைத்த நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் வாசலைத் தாண்டவே 350 ரூபாய். உள்ளே போன பிறகு ஜிப்லைனுக்கும் பறவையகத்துக்கும் தனித்தனிக் கட்டணம். பிள்ளை கேட்கும், இல்லை என்று சொல்லவேண்டிவரும். அரசு நிலத்தில் அரசுப் பணத்தில் அமைந்த பூங்காவில் ஒரு தகப்பனுக்கு அந்த நிலை வரக்கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது மாதத்தில் ஒரு நாள் கட்டணமில்லாமல் திறந்துவிடவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எனவே என் யோசனை இது: கையிருப்பு குறைவு என்றால் செம்மொழிப் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிழல், புல்வெளி, குளம், பெயர்ப்பலகை மாட்டிய மரங்கள், இவை போதும். மாலை நாலு மணிக்குப் போனால் வெயில் இறங்கியிருக்கும். மாநகராட்சிப் பூங்காக்களுக்குக் கட்டணம் கிடையாது. நுங்கம்பாக்கத்தில் இருக்கிற சுதந்திர தினப் பூங்காவில் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டு.

19 மே 2025

நேற்று பணத்தைப் பற்றி எழுதினேன். பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழைக்கு அர்த்தமில்லை.

அந்த வட்டாரத்தில் ஒரு பூங்காவில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது காவலாளி வந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். காசிமேடு என்றதும், புல்லில் உட்காரக்கூடாது, எழுந்திருங்கள் என்றார். பத்தடி தள்ளி வேறு ஒரு குடும்பம் விரிப்பு விரித்து உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் அவர் போகவில்லை. சித்தப்பா ஒன்றும் பேசாமல் எழுந்தார். பையன் மட்டும், அவங்க ஏன் எழுந்திருக்கல என்று உரக்கக் கேட்டான். அதற்கு அந்தக் காவலாளி வேறு பக்கம் பார்த்தார். அவரும் ஏதோ ஒரு குடிசைப்பகுதியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்து நாள் முழுக்க நிற்கிறவராகத்தான் இருப்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. யாரை எழுப்பலாம், யாரை எழுப்பக்கூடாது என்பதை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

கேள்வி கேட்ட நண்பரே, "ஓரமாக நின்று" என்று எழுதினீர்களே, அந்தச் சொற்கள் எனக்குள் தைத்ததற்கு இதுவே காரணம். ஆனாலும் போகாமல் இருப்பது இதற்கு மருந்தாகாது. நாம் போகாததால்தான் நம் முகம் அங்கே புதிதாகத் தெரிகிறது. நான் இப்போதெல்லாம் அப்படி யாராவது சொன்னால், விதிப்பலகை எங்கே இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்கிறேன். எல்லோருக்கும் உள்ள விதி என்றால் எழுந்துகொள்கிறேன். பலகை இல்லை என்றால் உட்கார்ந்தே இருக்கிறேன்.

25 மே 2025

ராயபுரத்துப் பெரியவர் ஒருவர், பூங்கா என்பதே நமக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எட்டாத பொருள் என்று எழுதியிருக்கிறார். ஐயா, மன்னிக்கவேண்டும், வரலாறு அப்படியில்லை. சொல்லப்போனால் வரலாறு அதைவிட வருத்தம் தருவது.

சென்னையின் மிகப் பெரிய பூங்கா ஒரு காலத்தில் நம் வாசலில் இருந்தது. ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் 1859இல், கறுப்பர் பட்டணத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) நெரிசலில் வாழ்ந்த மக்கள் காற்று வாங்க இடம் வேண்டும் என்று ஏற்படுத்திய மக்கள் பூங்காதான் அது. 116 ஏக்கர் பரப்பு, 11 குளங்கள், சாலைகள், இசை வாசிக்க மேடை. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் 1850களில் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் புலி, சிறுத்தை என்று சேர்க்கத் தொடங்கிய உயிரினங்கள் பின்னர் அந்தப் பூங்காவுக்குத்தான் இடம் பெயர்ந்தன. என் பாட்டி சொன்ன உயிர்க் காலேஜ் அதுதான். நடந்தே போய்ப் பார்த்ததாகச் சொல்வார்.

அந்தப் பூங்காவுக்கு என்ன ஆயிற்று? 1880களில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. 1900இல் மூர் மார்க்கெட். 1913இல் ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் அந்த இடம் ரயில் நிலையத்தின் புறநகர் முனையமாயிற்று. அதே ஆண்டில் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போய்விட்டது. வந்த ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான் என்று யாரும் வாதிடலாம். ஆனால் எடுத்ததெல்லாம் நம் பக்கத்துப் பூங்காவிலிருந்து. அதற்கு ஈடாக நம் பக்கத்தில் 116 ஏக்கர் யாரும் தரவில்லை. இன்று மிஞ்சியிருப்பது ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கிற மை லேடீஸ் பூங்காவும் அதன் நீச்சல் குளமும்.

ஆகவே எழும்பூருக்கும் கதீட்ரல் சாலைக்கும் போவதை நான் யாரோ போட்ட பிச்சையாகப் பார்ப்பதில்லை. நம் கையிலிருந்து போன ஒன்றை இந்த நகரம் வேறு இடத்தில் வைத்திருக்கிறது. அங்கே போய்த்தான் இப்போதைக்கு அனுபவிக்கவேண்டும்.

அதே பெரியவர் எழும்பூர் அருங்காட்சியகம்தான் இந்தியாவிலேயே முதலாவது என்றும் எழுதியிருக்கிறார். 1814இல் தொடங்கிய கல்கத்தா அருங்காட்சியகம்தான் முதலாவது. நம்முடையது 1851இல் கல்லூரிச் சாலையில், இன்றைய பள்ளிக்கல்வி அலுவலக வளாகத்தில் தொடங்கி, 1854இல் பாந்தியன் சாலைக்கு வந்தது.

1 ஜூன் 2025

எண்ணூரிலிருந்து எழுதிய தம்பி என்னைச் சற்று யோசிக்க வைத்துவிட்டார். தண்டையார்பேட்டையிலிருந்து கணக்குப் போட்டுத் தூரம் பெரிதில்லை என்று எழுதுவது எளிது, எண்ணூரிலும் மணலியிலும் இருப்பவர்களுக்கு விம்கோ நகர் வருவதே ஒரு பயணம் என்கிறார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரு சக்கர வண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருவதை நினைத்தால் அவர் சொல்வது முற்றிலும் சரி. அவர்களுக்கு எண்ணூரிலேயே புறநகர் ரயில் ஏறிக் கடற்கரையில் மாறுவதுதான் பாதுகாப்பு. நேரம் கூடுதலாக ஆகும்.

ஆனால் தம்பி, எழும்பூரில் உங்கள் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது. உங்கள் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் மேற்பகுதியில், திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் 15 லட்சம் ஆண்டு வரை பழமையானவை என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஃபூட் சேகரித்த கற்கருவித் தொகுப்பை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. இன்று சாம்பல் படிந்து கிடக்கிறது என்று நாம் வேதனைப்படுகிற அதே ஆற்றின் கரையில் அவ்வளவு பழைய மனிதர்கள் கல்லை உடைத்துக் கருவி செய்திருக்கிறார்கள். அந்த வகைக் கற்கோடரியைப் பார்த்தால் தெரியும்: இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையை உள்ளங்கைக்கு அடங்குகிற உருண்டையாக விட்டிருப்பார்கள். பிடிக்கிற கையை மனத்தில் வைத்துச் செய்த பொருள் அது.

அருங்காட்சியகத்திலேயே ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்புக் கருவிகளையும் பார்த்துவிடுங்கள்.

8 ஜூன் 2025

"நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லையா" என்ற கேள்வி பலமுறை வந்துவிட்டது. இருக்கிறது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் 2002 முதல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் வளரக்கூடாது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் கடற்கரை நிலையத்திலிருந்து கிட்டத்தில்தான். அதற்கும் வெள்ளி விடுமுறை. பழைய வண்ணாரப்பேட்டையில் 1949இல் தி.மு.க. பிறந்த ராபின்சன் பூங்கா இருக்கிறது. இவற்றைச் சொல்வது எழும்பூருக்குப் போகவேண்டாம் என்பதற்காக இல்லை. 2024இல் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் நமக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கும்போது, நல்ல பூங்காவும் நல்ல காட்சிக்கூடமும் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களாக நாம் கேட்கவேண்டும். பார்க்காதவன் கேட்டால் நாலு ஊஞ்சலும் ஒரு சறுக்கு மரமும் போதும் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

29 ஜூன் 2025

வள்ளுவர் கோட்டத்தை இந்த மாதம் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். மே மாதம் அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது, அதனால் அப்போது அதைப் பற்றி நான் எழுதவில்லை. 1976இல் கட்டியது, திருவாரூர்த் தேரைப் போல அமைத்த கல் தேர் 39 மீட்டர் உயரம், 1330 குறளும் கல்லில் வெட்டியிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த நிலம் அது. பிள்ளைகளை அவரவருக்குத் தெரிந்த ஒரு குறளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நேரம் போவதே தெரியாது.

இழையைத் தொடங்கிய தண்டையார்பேட்டை நண்பர் பள்ளி திறக்குமுன் போய்வந்ததாக எழுதியிருக்கிறார். அருங்காட்சியகம் பிடித்தது, கதீட்ரல் சாலையில் பணம் நிற்கவில்லை, மனைவிக்குத் திமிங்கிலத்தைவிட நாணயக்கூடம் பிடித்தது, மெரினா காற்றே மேல் என்ற கருத்து மாறவில்லை என்கிறார். மகிழ்ச்சி, நண்பரே. போய்ப் பார்த்துவிட்டு மெரினாவே மேல் என்று சொல்கிறவரோடு எனக்கு வழக்கே இல்லை. நாணயக்கூடத்தைப் பற்றி அவர் மனைவியையே எழுதச் சொன்னால் எல்லோருக்கும் உதவும். நான் அதைச் சரியாகப் பார்த்ததில்லை.

18 ஆகஸ்ட் 2025

சென்ற 15ஆம் தேதி விடுமுறையாயிற்றே என்று குடும்பத்தோடு அருங்காட்சியகம் போய், பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பியதாகப் புதுவண்ணாரப்பேட்டை அன்பர் எழுதியிருக்கிறார். சுதந்திர தினம், அதோடு வெள்ளிக்கிழமை. இரண்டு வகையிலும் விடுமுறை. மே 5ஆம் தேதிக் குறிப்பைப் புதிதாக வருகிறவர்கள் முதலில் படிக்கவும்.

தனியாகப் போகத் தயங்குகிறோம், யாராவது கூட வந்தால் நன்றாயிருக்கும் என்று மூன்று பெண்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை முடியாது. காசிமேட்டில் ஞாயிறு காலை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை, 23ஆம் தேதி, என் தங்கையும் பையனும் நானும் போகிறோம். சித்தப்பா கடலுக்குப் போயிருக்கிறார், கரை திரும்பினால் வருவார். காலை எட்டரை மணிக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் சீட்டு வாங்குமிடத்தருகே நிற்போம். முதலில் செப்புத் திருமேனிக் கூடம், பிறகு விலங்கியல், அதோடு சாப்பாடு. பூங்காவுக்குப் போவதா வேண்டாமா என்பதை மழையைப் பார்த்து முடிவு செய்யலாம். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே ஒரு வரி எழுதிவிட்டால், எத்தனை பேருக்குச் சாதம் கட்டவேண்டும் என்று தங்கைக்குச் சொல்லிவிடுவேன்.